தமிழ் இணையதளத்தை எல்லோராலும் பயன்படுத்த முடிகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையதளம் கட்டுபவர்களும் கட்டச் சொல்லிப் பணம் கொடுப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தளங்களைச் சோதித்துக் குறை சொல்வதுதான் என் பிழைப்பு. ஆங்கிலத் தளங்களுக்கான வழிகாட்டிகள் நிறையவே கிடைக்கின்றன. தமிழ்த் தளத்துக்கென்றே சில நோய்கள் உண்டு. அவற்றை அந்த வழிகாட்டிகளில் தேடினால் கிடைக்காது. அதனால் இங்கே அவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

பயன்பாட்டு எளிமை, அணுகல்தன்மை என்று இரண்டு சொல்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல, ஒட்டிப் பிறந்தவை. ஒரு கடைக்குள் சக்கர நாற்காலியில் வருபவர் நுழைய முடிகிறதா என்பது அணுகல்தன்மை. நுழைந்த பிறகு துவரம்பருப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று யாரையும் கேட்காமல் கண்டுபிடிக்க முடிகிறதா என்பது பயன்பாட்டு எளிமை. சாய்தளம் போட்டுவிட்டு உள்ளே எல்லாவற்றையும் குழப்பி அடுக்கிய கடைகளும் உண்டு. அழகாக அடுக்கிவிட்டு வாசலில் மூன்று படி வைத்த கடைகளும் உண்டு.

எங்கள் தளத்துக்குப் பார்வையற்றவர்கள் யாரும் வருவதில்லையே. பிறகு எதற்கு இந்தச் செலவு?

வாசலில் மூன்று படி வைத்துவிட்டு, சக்கர நாற்காலியில் யாரும் வருவதில்லை என்று சொல்கிற கடைக்காரரின் கணக்கு இது. வந்து பார்த்துத் திரும்பிப் போனவர் உங்கள் வருகைப் பதிவேட்டில் தனியாகத் தெரிய மாட்டார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அந்தக் கணக்கில் சேராதவர்களையும் நினைத்துப் பாருங்கள்: கண்புரை அறுவைக்குக் காத்திருக்கும் தாத்தா, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கட்டைவிரலால் படிவம் நிரப்பும் தாய், உச்சி வெயிலில் பஸ் நிறுத்தத்தில் நின்று டிக்கெட் எடுக்கும் மாணவர், எழுத்துக்கூட்டி மட்டும் படிப்பவர். இவர்கள் எல்லோருக்கும் பயன்படுவது ஒரே திருத்தங்கள்தான்.

இதற்கென்று எழுதப்பட்ட விதிகள் உண்டா?

உண்டு. டபிள்யூ3சி என்ற உலக இணையக் கூட்டமைப்பு வெளியிடும் டபிள்யூசிஏஜி என்ற நெறிமுறைதான் பல நாடுகளின் விதிகளுக்கும் அடிப்படை. முதல் பதிப்பு 1999இல் வந்தது. 2.0 பதிப்பு 2008இல், 2.1 பதிப்பு 2018இல், 2.2 பதிப்பு 2023 அக்டோபரில். ஏ, இரட்டை ஏ, மூன்று ஏ என்று மூன்று படிநிலைகள். நடைமுறையில் எல்லோரும் குறிவைப்பது இரட்டை ஏ. மூன்று ஏ முழுவதையும் எல்லாப் பக்கத்திலும் எட்ட வேண்டும் என்று அந்த நெறிமுறையே எதிர்பார்ப்பதில்லை. இந்திய அரசுத் தளங்களுக்கு 2009இல் தனி வழிகாட்டி வந்தது, அதன் மூன்றாம் பதிப்பு 2023இல் வந்தது. ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தர நிர்ணயமும் இருக்கிறது.

செய்யாவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

கேட்டிருக்கிறார்கள். 1999இல் புரூஸ் மக்வயர் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர், சிட்னி ஒலிம்பிக் அமைப்புக் குழுவின் இணையதளத்தைத் தன்னால் படிக்க முடியவில்லை என்று மனித உரிமை ஆணையத்திடம் புகார் கொடுத்தார். படங்களுக்கு மாற்றுரை, அதாவது படத்தைக் காண முடியாதவருக்காக நிரலில் எழுதும் விளக்கம், இல்லை. போட்டி முடிவுகளின் அட்டவணைகள் பிடிபடவில்லை. சரிசெய்ய 20 லட்சம் டாலருக்கு மேல் ஆகும், ஓராண்டு வேலை என்று குழு வாதாடியது. ஆணையம் அதை ஏற்கவில்லை. 2000 ஆகஸ்டில் தீர்ப்பு மக்வயருக்குச் சாதகமாக வந்தது. குழு முழுதாகப் பணியாமல் போட்டிகளை நடத்தி முடித்தது, பிறகு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கொடுக்க வேண்டிவந்தது. செலவு, காலம் என்று அந்தக் குழு சொன்ன இரண்டு காரணங்களையும் நான் இன்றும் மாதம் ஒருமுறையாவது கேட்கிறேன்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் வரை. அந்தச் சட்டத்தின்கீழ் 2017இல் வந்த 15ஆம் விதி, தரநிலைகளைக் கட்டாயமாக்காமல் பரிந்துரைபோல் விட்டுவைத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரல் 30 அன்று இன்னொரு தீர்ப்பு. வங்கிக் கணக்குக்கான இணையவழிச் சரிபார்ப்பில் கேமரா முன்னால் கண்ணை இமைக்கச் சொல்வார்கள் அல்லவா? ஆசிட் வீச்சில் இமைகளை இழந்த பெண்கள் எப்படி இமைப்பார்கள்? அந்த வழக்கில்தான், டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது.

எங்கள் பக்கத்தில் தமிழ் நன்றாகத்தான் தெரிகிறது. திரைவாசிப்பான் மட்டும் ஏன் உளறுகிறது?

திரையில் உள்ளதைப் பார்வையற்றவருக்குக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள்தான் திரைவாசிப்பான். அது உளறுவதுதான் தமிழ்த் தளங்களின் முதல் நோய். மூன்று இடங்களில் பாருங்கள்.

முதலாவது, மொழிக்குறி. இணையப் பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் நிரலின் தொடக்கத்தில் ‘லேங்’ என்று ஒரு பண்பு உண்டு. பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்பதை அது சொல்லும். ஆயத்த வார்ப்புருவை இறக்கிப் பயன்படுத்துபவர்கள் அதில் ஆங்கிலக் குறியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். விளைவு, திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலிலேயே நின்றுவிடும். சில குரல்கள் தமிழ் எழுத்துகளைத் தாண்டிப்போய் எண்களை மட்டும் வாசிக்கும். ‘விண்ணப்பிக்கக் கடைசி நாள் 15’ என்ற வரியில் அவருக்குக் காதில் விழுவது ‘ஃபிஃப்டீன்’ மட்டும். ஆங்கிலக் குறி இருந்த இடத்தில் தமிழுக்குரிய இரண்டெழுத்துக் குறியை இட்டால் போதும், குரல் மாறிவிடும். ஒரு தளத்துக்கு அதிகபட்சம் அரை மணி நேர வேலை. இடையில் ஆங்கிலப் பத்தி வந்தால் அதற்குத் தனியாக ஆங்கிலக் குறி இட வேண்டும்.

இரண்டாவது, பழைய எழுத்துருக்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கம் பரவுவதற்கு முன்பு பாமினி, டிஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு ஏற்பாடு. பாமினியில் ‘தமிழ்’ என்று தெரிவது உண்மையில் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு என்ற முகமூடியைக் கழற்றினால் அடியில் இருப்பது வேறு. திரைவாசிப்பானுக்கு முகமூடி தெரியாது. அது ‘ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி’ என்று படிக்கும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் அச்சகத்திலிருந்து வரும் கோப்புகள் பலவற்றில் பழைய குறியாக்கம் இன்றும் ஒளிந்திருக்கிறது. கண்டுபிடிக்க எளிய வழி: ஒரு வரியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே விழுந்தால் நல்லது.

மூன்றாவது, கண்ணை ஏமாற்றும் எழுத்துகள். ‘ஔவையார்’ என்பதை ‘ஔ’ என்ற ஓரெழுத்தாகவும் தட்டலாம், ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்தும் தட்டலாம். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். இரண்டாவது வகையில் தட்டினால் திரைவாசிப்பான் நம் பாட்டியை ‘ஒளவையார்’ என்று குறிலும் ளகரமுமாகப் பிரித்துத்தான் கூப்பிடும். பார்வையற்ற நண்பர் ஒருவர் சொன்னார்: “பள்ளிப் பாடத்தில் பத்து வருடம் கேட்ட பெயர், ஐயா. கணினி சொன்னபோது யாரோ என்று நினைத்தேன்.”

தேடல் பெட்டியில் சரியாகத் தட்டினாலும் ‘முடிவுகள் இல்லை’ என்று வருகிறதே?

அதே நோயின் இன்னொரு முகம். ‘கொ’ என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்து வைக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது. கட்டுரையில் ஒரு விதம், தேடுபவர் தட்டியது மறு விதம் என்றால் ‘கொல்லிமலை’ கிடைக்காது. இரண்டு விதங்களையும் ஒரே விதமாக்கும் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் ஓட்டிவிட்டால் இது தீரும்.

‘ஸ்ரீ’ அப்படித் தீராது. ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும் ஶ்ரீ ஒன்று. இயல்பாக்கம் இரண்டையும் ஒன்றாக்காது. ஔவையார் சிக்கலும் அப்படித்தான். ஆகவே இத்தகைய இணைகளுக்கு ஒரு சிறு பட்டியல் வைத்து, தேடல் நிரலில் நீங்களே இரண்டையும் ஒன்றாகக் கருதச் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் தேடித் தோற்றவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

படத்துக்கு மாற்றுரை எழுதச் சொல்கிறார்கள். என்ன எழுதுவது?

படத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பீர்களோ அதை எழுதுங்கள். ‘படம்’ என்று எழுத வேண்டாம், படம் என்பதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடும். கோப்பின் பெயரை இட வேண்டாம். வெறும் அலங்காரப் படம் என்றால் மாற்றுரையைக் காலியாக விடுங்கள். காலியாக விடுவது வேறு, பண்பையே எழுதாமல் விடுவது வேறு. எழுதாமல் விட்டால் சில வாசிப்பான்கள் கோப்பின் பெயரை எண்ணும் எழுத்துமாகக் கடைசிவரை ஒப்பிக்கும்.

நம் ஊரில் பெரிய சிக்கல் அறிவிப்பையே படமாகப் போடுவது. கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு, யார் பேசுகிறார்கள் என்று எல்லாம் வண்ண வண்ணமாக ஒரு சுவரொட்டியில். கீழே எழுத்தில் ‘அனைவரும் வருக’ என்ற ஒரு வரி மட்டும். பார்வையற்றவர் வரத் தயார், எங்கே வருவது? சுவரொட்டியைப் போடுங்கள், தடையில்லை. அதன் கீழே அதே செய்தியை எழுத்திலும் இடுங்கள். தேடுபொறியும் அப்போதுதான் உங்களைக் கண்டுகொள்ளும்.

எந்த நிறங்களைத் தவிர்க்க வேண்டும்?

தனி நிறம் எதுவும் குற்றவாளி அல்ல, சேர்க்கைதான் கவனிக்க வேண்டியது. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளிவேறுபாடு வேண்டும். பெரிய எழுத்துக்கு 3:1 போதும். வெள்ளைமேல் #777777 என்ற சாம்பலை வைத்தால் 4.48 வரும், தோல்வி. #767676 வைத்தால் 4.54, தேர்ச்சி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வடிவமைப்பாளருக்கே வேறுபாடு தெரியாது. ஆகவே ‘அழகு கெட்டுவிடும்’ என்ற வாதத்தை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நம்மவர்கள் விரும்பும் பளிச்சென்ற சிவப்பு வெள்ளைமேல் ஏறத்தாழ 4:1தான் வரும். சிறிய எழுத்துக்கு அது போதாது, சற்றே அடர்த்தியாக்குங்கள். இன்னொன்று: நிறத்தால் மட்டும் பொருள் சொல்லாதீர்கள். ‘சிவப்பில் உள்ளவை கட்டாயம்’ என்றால் சிவப்பும் பச்சையும் பிரித்தறியாதவருக்கு எல்லாமே விருப்பம்தான்.

தமிழ் எழுத்துக்கு எவ்வளவு அளவு, எவ்வளவு வரி இடைவெளி?

நெறிமுறையில் குறைந்தபட்ச எழுத்தளவு என்று ஒன்று இல்லை. 200 சதவீதம் பெரிதாக்கினாலும் உள்ளடக்கமும் வசதிகளும் இழக்கப்படக்கூடாது என்பதுதான் விதி. என் கணக்கில், ஆங்கிலத்துக்கு 16 பிக்சல் வைத்த இடத்தில் தமிழுக்கு 17 அல்லது 18 வையுங்கள். ணகரமும் னகரமும், ளகரமும் ழகரமும் சிறிய அளவில் கலங்கிப்போகும். மெல்லிய எழுத்துருவை வெளிர்சாம்பலில் வைப்பவர்களை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை.

வரி இடைவெளியை 1.6க்குக் கீழே இறக்காதீர்கள். ஆங்கில எழுத்துக்கு அளந்து வெட்டிய உயரத்தில் தமிழ் அடங்காது. மேலே ‘தீ’யின் சுழியும் மெய்யின் புள்ளியும், கீழே ‘பூ’வின் வாலும் இடம் கேட்கும். பொத்தானின் உயரத்தைப் பிக்சலில் பூட்டிவைத்தால் முதலில் வெட்டுப்படுவது புள்ளிதான். புள்ளி போனால் ‘பல்’ ‘பல’ ஆகிவிடும். ஒரு பல் மருத்துவரின் தளத்தில் இதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்.

‘அ+’, ‘அ-’ என்று எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான் வைக்கட்டுமா?

வேண்டாம். தேவைப்படுபவர் உலாவியிலேயோ போனிலேயோ பெரிதாக்கத் தெரிந்துவைத்திருப்பார். அப்படி அவர் பெரிதாக்கும்போது பக்கம் சிதறாமல் இருந்தால் போதும். விரல்களால் பெரிதாக்குவதைத் தடுக்கும் ஒரு வரியை நிரலில் போட்டுவிட்டு, மேலே ‘அ+’ வைத்த தளங்களையும் பார்த்திருக்கிறேன். கதவைப் பூட்டிவிட்டு ஜன்னல் வைப்பதுபோல.

முகப்பில் ஓடும் செய்தி?

எடுத்துவிடுங்கள். ஐந்து விநாடிக்கு மேல் தானாக ஓடுவது எதற்கும் நிறுத்தும் வசதி இருக்க வேண்டும் என்பது நெறிமுறை. நிறுத்தும் வசதி வைக்கிற நேரத்தில் அந்தச் செய்தியை நின்ற நிலையில் ஒரு வரியாகவே போட்டுவிடலாம்.

எங்கள் படிவத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஏன்?

படிவம்தான் தளத்தின் உண்மையான சோதனை. படிக்க மட்டும் வந்தவர் எதையும் பொறுத்துக்கொள்வார். நிரப்ப வந்தவரால் அது முடியாது.

முதலில் பெயர். முருகன் என்பவருக்கு முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம், இரண்டும் கட்டாயம். அவருக்கு இருப்பது ஒரு பெயரும் ‘ச’ என்ற ஒரு தலைப்பெழுத்தும். கடைசிப் பெயரில் புள்ளி வைத்தார், தளம் மறுத்தது. ‘ச’ என்று இட்டார், குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்றது. கடைசியில் அப்பா பெயரை இட்டார், படிவம் போனது. அடுத்த வாரம், ஆதாரில் உள்ள பெயரோடு பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பிவந்தது. ‘முழுப்பெயர்’ என்று ஒரே கட்டம் வைத்திருந்தால் இவ்வளவும் இல்லை.

கட்டத்தின் நீளம் அடுத்தது. ‘கோபாலகிருஷ்ணன்’ கண்ணுக்கு எட்டு எழுத்து, கணினிக்கு 14 குறியீடுகள். 12க்கு மேல் ஏற்காத கட்டத்தில் அவர் மெய்யெழுத்தைப் பறிகொடுத்துவிட்டு நிற்பார்.

கட்டத்துக்குள்ளேயே மங்கலாக ‘மின்னஞ்சல்’ என்று எழுதிவைத்து, தட்டத் தொடங்கியதும் மறைந்துபோகும் குறிப்புச்சொல் வேண்டாம். பாதியில் போன் வந்து பேசிவிட்டுத் திரும்பியவருக்கு எந்தக் கட்டம் எதற்கு என்று நினைவிருக்காது. பெயரைக் கட்டத்துக்கு மேலே நிரந்தரமாக எழுதி, நிரலிலும் அந்தக் கட்டத்தோடு இணையுங்கள். இணைக்காவிட்டால் திரைவாசிப்பான் ‘திருத்து, காலி’ என்று மட்டும் சொல்லும்.

பிழைச் செய்தியை மனிதர் பேசுவதுபோல் எழுதுங்கள். ‘தவறான உள்ளீடு’ என்பதற்குப் பதிலாக ‘பின்கோடு 6 இலக்கம் இருக்க வேண்டும். நீங்கள் 5 இட்டிருக்கிறீர்கள்’. பிழை என்றதும் நிரப்பிய எல்லாவற்றையும் அழித்துவிடும் படிவங்களுக்கு நரகத்தில் தனி இடம் உண்டு.

ஓடிபிக்கு 30 விநாடி போதாது. திரைவாசிப்பானோடு போனில் குறுஞ்செய்தியைத் திறந்து, கேட்டு, திரும்பி வந்து தட்டுவதற்குள் காலாவதியாகிவிடும். நகலெடுத்து ஒட்டுவதைத் தடுக்காதீர்கள், நெறிமுறையின் 2.2 பதிப்பு இதைக் கவனத்தில் கொண்டிருக்கிறது. நிரப்புவது மனிதர்தானா என்று சோதிக்கும் கோணல்மாணலான கேப்சா எழுத்தைத் தவிர வேறு வழியில்லை என்று வைப்பவர், பார்வையற்றவருக்குக் கதவைச் சாத்துகிறார்.

பிடிஎஃப் போட்டால் போதாதா?

எழுத்தாகச் சேமித்து, தலைப்புகளைக் குறியிட்ட பிடிஎஃப் என்றால் ஓரளவு போதும். நாம் போடுவது பெரும்பாலும் அது அல்ல. கணினியில் தட்டி, அச்சடித்து, கையெழுத்தும் முத்திரையும் வைத்து, ஸ்கேன் செய்து, சற்றுச் சாய்வாக ஏற்றிவிடுகிறோம். திரைவாசிப்பானுக்கு அது வெற்றுக் காகிதம். எழுத்துணரிகள் தமிழையும் படிக்கும், ஆனால் முத்திரை விழுந்த இடத்தில் திணறும். கையெழுத்திட்ட பிரதி வேண்டுமென்றால் அதையும் வையுங்கள், பக்கத்திலேயே அதே செய்தியை இணையப் பக்கமாகவும் வையுங்கள். மூலக்கோப்பு உங்களிடம்தானே இருக்கிறது.

பொத்தான்களில் தூய தமிழா, பழகிய சொல்லா?

பயன்படுத்துபவர் அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்க முடிகிற சொல். வரி கட்டும் பக்கம் ஒன்றைச் சோதிக்க, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் மளமளவென்று நிரப்பினார். கடைசியில் ‘சமர்ப்பி’ என்ற பொத்தானில் விரல் நின்றுவிட்டது.

“சமர்ப்பித்தால் என்ன ஆகும், தம்பி? பணம் உடனே போய்விடுமா, இல்லை, இன்னொரு முறை கேட்குமா?”

முப்பது ஆண்டு தமிழ் கற்பித்தவர் அவர். அந்தச் சொல்லுக்கு அவருக்குப் பொருள் தெரியாமல் இல்லை, பொத்தானுக்குத்தான் பொருள் இல்லை. ‘640 ரூபாய் செலுத்து’ என்று மாற்றிய பிறகு அடுத்து வந்தவர்கள் யாரும் அங்கே நிற்கவில்லை.

‘பதிவிறக்கு’, ‘தரவிறக்கு’, ‘டவுன்லோடு’ மூன்றும் ஒரே தளத்தில் இருப்பது இன்னும் மோசம். எதையாவது ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். மொழி மாற்றும் இடத்தில் ‘தமிழ்’ என்று தமிழிலேயே எழுதுங்கள், கொடி வேண்டாம். மொழிக்கு ஏது கொடி? இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாவற்றிலும் தமிழ் இருக்கிறது. மொழியை மாற்றியவரை முகப்புக்குத் துரத்தாமல் அவர் நின்ற அதே பக்கத்தின் தமிழ் வடிவத்துக்குக் கொண்டுபோங்கள். மும்மொழித் தளங்களில் தமிழ் மட்டும் இரண்டு ஆண்டு பழையதாகக் கிடப்பது வேறு விதமான அணுகல் குறை.

தானியங்கிக் கருவி எங்கள் தளத்துக்கு 100க்கு 100 கொடுத்துவிட்டது. இன்னும் என்ன?

வாழ்த்துகள். எழுத்துப்பிழை இல்லாத கடிதம் எழுதியிருக்கிறீர்கள், கடிதத்தில் என்ன இருக்கிறது என்று இனிமேல்தான் படிக்க வேண்டும்.

லைட்ஹவுஸ், ஆக்ஸ், வேவ் போன்ற கருவிகள் நல்லவைதாம், இலவசமாகவும் கிடைக்கின்றன. முதல் வடிகட்டலுக்கு அவற்றைத்தான் நானும் ஓட்டுகிறேன். வெப்எய்ம் என்ற அணுகல்தன்மை அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைக் கருவியால் ஆராய்கிறது. 2025இல் அவற்றில் 94.8 சதவீதத்தில் பிழை இருந்தது. குறைந்த ஒளிவேறுபாடு, மாற்றுரை இல்லாமை, கட்டத்துக்குப் பெயர் இல்லாமை, காலி இணைப்பு, காலிப் பொத்தான், மொழிக்குறி இல்லாமை என்ற ஆறே வகைதான் பெரும்பகுதி. இவற்றைக் கருவி பிடித்துவிடும்.

அது பிடிக்காதது வேறு. மாற்றுரை இருக்கிறதா என்று பார்க்கும், அதில் ‘படம்1’ என்று இருந்தால் முழு மதிப்பெண் தரும். மொழிக்குறி இருக்கிறதா என்று பார்க்கும், தமிழ்ப் பக்கத்துக்கு ஆங்கிலக் குறி இருந்தால் பெரும்பாலும் வாய் திறக்காது. ஔவையாரை அதற்குத் தெரியாது.

ஒரே வரி நிரலைச் சேர்த்தால் தளம் தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு விட்ஜெட் விற்கிறார்களே?

வாங்காதீர்கள். ஓரத்தில் ஒரு மனித உருவம் மிதக்கும், அழுத்தினால் நிறமும் அளவும் மாறும். அடியில் உள்ள பிழை அப்படியே இருக்கும். அப்படி விற்ற அக்சஸ்பி என்ற நிறுவனம், எந்தத் தளத்தையும் நெறிமுறைக்கு உட்பட்டதாக்கிவிடும் என்று சொன்னதற்காக அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷனுக்கு 10 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அது 2025இல் நடந்தது. திரைவாசிப்பான் வைத்திருப்பவர்களில் பலர் இந்த விட்ஜெட்டைக் கண்டாலே எரிச்சலடைகிறார்கள், அவர்களுடைய கருவியோடு இது சண்டைபோடுகிறது.

ஆட்களை வைத்துச் சோதிப்பது எப்படி?

பக்கத்தில் உட்காருங்கள், வேலையைச் சொல்லுங்கள், வாயை மூடிக்கொள்ளுங்கள். மூன்றாவதுதான் கடினம்.

வேலை என்பது ‘தளத்தைப் பாருங்கள், எப்படி இருக்கிறது?’ அல்ல. அப்படிக் கேட்டால் நம் மக்கள் ‘நன்றாக இருக்கிறது, தம்பி’ என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ‘உங்கள் பேத்திக்கு ஆறாம் வகுப்பில் இடம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், கடைசி நாள் என்ன என்று கண்டுபிடியுங்கள்’ என்று சொல்லுங்கள். பொத்தானில் உள்ள சொல்லை உங்கள் கேள்வியில் பயன்படுத்திவிடாதீர்கள், அது விடையைச் சொல்லிக் கொடுப்பதாகும். மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறினால் உதவாதீர்கள். அவர் வருத்தப்பட்டால், “நாங்கள் சோதிப்பது தளத்தை, உங்களை அல்ல” என்று சொல்லுங்கள்.

பார்வையற்ற கல்லூரி விரிவுரையாளர் ஒருவரோடு ஒரு செய்தித் தளத்தைச் சோதித்த அரை மணி நேரத்தை நான் மறக்கவில்லை. அவர் பயன்படுத்துவது என்விடிஏ, 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பான். எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில் அது பேசியது. அவர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ ஹெச் விசையைத் தட்டினார். ‘அடுத்த தலைப்பு இல்லை’. தலைப்புகள் எல்லாம் வெறும் தடித்த எழுத்துகள், நிரலில் தலைப்பாகக் குறிக்கப்படவே இல்லை. சரி என்று இணைப்புகளின் பட்டியலைத் திறந்தார். ‘மேலும் வாசிக்க, மேலும் வாசிக்க, மேலும் வாசிக்க’ என்று போய்க்கொண்டே இருந்தது. அவர் சிரித்தபடி என் பக்கம் திரும்பினார்.

“எதை வாசிக்க, சார்?”

அந்தத் தளத்துக்கும் கருவி 90க்கு மேல் கொடுத்திருந்தது.

எத்தனை பேர் வேண்டும்?

பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதிய கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒருவரை வைத்துச் சோதித்தால் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்கள் தெரியும், ஐந்து பேரில் ஏறத்தாழ 85 சதவீதம் தெரிந்துவிடும். பதினைந்து பேரை ஒரே முறை அழைப்பதைவிட, ஐந்து பேரை அழைத்து, திருத்தி, வேறு ஐந்து பேரை அழைப்பது மேல் என்பது அவர் வாதம். ஆனால் ஐவரும் உங்கள் அலுவலகத்தின் அடுத்த மேசைக்காரர்களாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. திரைவாசிப்பான் பயன்படுத்துபவர், வயதானவர், மலிவான போன் வைத்திருப்பவர் என்று ஒவ்வொரு வகையிலும் ஆள் வேண்டும். அவர்கள் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். மாற்றுத்திறனாளிகளை மட்டும் ‘சேவையாக’ வந்து உதவச் சொல்லும் பழக்கம் நம்மிடம் நிறையவே இருக்கிறது.

மேலதிகாரிக்கு எண் வேண்டும் என்றால் பயன்பாட்டு எளிமையை அளக்க ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய எஸ்யூஎஸ் வினாத்தாள் இருக்கிறது. பத்துக் கேள்வி, இரண்டு நிமிடம், 100க்கு மதிப்பெண். 68 சராசரி. அது சதவீதம் அல்ல என்பதை மட்டும் அந்த அதிகாரிக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கையில் காசும் இல்லை, ஆளும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

மவுஸைக் கழற்றி மேசை இழுப்பறையில் வையுங்கள். டேப் விசையை மட்டும் தட்டித் தட்டி உங்கள் தளத்தின் முக்கியமான ஒரே ஒரு வேலையை முடித்துப் பாருங்கள். எங்கே நிற்கிறோம் என்று காட்டும் வளையம் ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணில் படுகிறதா? பல தளங்களில் ‘அசிங்கமாக இருக்கிறது’ என்று அந்த வளையத்தை யாராவது ஒரு வரி எழுதி அணைத்திருப்பார்கள். அந்த வரியைத் தேடி நீக்குங்கள்.

பிறகு ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குப் போய் டாக்பேக் என்ற திரைவாசிப்பானை இயக்குங்கள். அணைப்பது எப்படி என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் போனோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். வலப்பக்கம் ஒருமுறை தள்ளினால் அடுத்த பொருள், இருமுறை தட்டினால் தேர்வு. கண்ணை மூடிக்கொண்டு உங்கள் தளத்தில் தொடர்பு எண்ணைக் கண்டுபிடியுங்கள். முதல் முறை எனக்கு 11 நிமிடம் ஆனது, அதுவும் நானே வடிவமைத்த தளத்தில்.